வலிக்கவில்லை என்பதுதான் என் கவலை

வாசகியின் கடிதம், சுருக்கமாக

சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் 57 வயதுப் பெண்மணி, பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. உணவங்காடி நிலையத்தில் ஒரு கடையில் பாத்திரம் கழுவுவதும் காய் நறுக்குவதுமாக நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) கடைசியாக எடுத்த எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, 9.6 விழுக்காடு. ஓராண்டுக்குள் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று. எம்பாகிளிஃப்ளோசின் என்ற புது மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து பிறப்புறுப்பில் அடிக்கடி அரிப்பு. விரலிடுக்குகளில் சேற்றுப்புண். தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்து நடந்ததில் வலது உள்ளங்காலில் கொப்புளம் வந்து உடைந்தது. ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. மஞ்சள் பற்றுப் போடுகிறார், இரவில் உப்பிட்ட சுடுநீரில் காலை ஊறவைக்கிறார். சென்ற முறை காய்ச்சல் வந்தபோது சாப்பிட முடியவில்லை என்று எல்லாச் சர்க்கரை மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, உறவினர் ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக்கில் மிச்சம் இருந்ததை மூன்று நாள் விழுங்கியிருக்கிறார். இன்சுலின் போட்டுக்கொள்ளுமாறு மருத்துவர் சொன்னதை மறுத்துவிட்டார். அண்ணனுக்கு இன்சுலின் தொடங்கிய அதே ஆண்டில்தான் காலை எடுத்தார்களாம். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

அவருடைய கேள்விகள்: "எந்தக் கிருமியும் என்னை மட்டும் ஏன் பிடிக்கிறது? எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்? சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டால் சர்க்கரை ஏறும் என்கிறார் என் கணவர், உண்மையா? மூன்று ஆண்டு பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன், இன்னும் ஓர் ஆண்டு பாக்கி. எடுக்கலாமா?"

பதில்

அன்புள்ள அம்மா,

கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காமலே கடந்துபோன இரண்டு வரிகளைப் பற்றிப் பேச வேண்டும். "புண் வலிக்கவே இல்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்பது ஒன்று. முழங்கால் வலிக்குத் தெரிந்தவர் ஒருவர் தரும் பெயரில்லாத மாத்திரை "அற்புதமாகக் கேட்கிறது, ஆனால் முகம்தான் கொஞ்சம் உப்பிவிட்டது" என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருப்பது மற்றொன்று. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தவை இவைதான்.

கால் புண்ணை நாளைக்கே காட்டுங்கள்

ஐந்து வாரமாகத் திறந்திருக்கும் புண்ணை ஊன்றி, நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறீர்கள். அது வலித்தே ஆக வேண்டும். வலிக்கவில்லை என்றால் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சியை இழந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்த சர்க்கரை முதலில் கெடுப்பது உடலின் மிக நீளமான நரம்புகளை, அதாவது பாதத்துக்கு வருபவற்றை. வலி தெரிந்திருந்தால் நீங்கள் நொண்டியிருப்பீர்கள், அந்த இடத்தில் பாரம் போடாமல் இருந்திருப்பீர்கள், இரண்டாம் நாளே மருத்துவரிடம் போயிருப்பீர்கள். உணர்ச்சி மங்கிய காலில் இவை எதுவும் நடப்பதில்லை. மேலே சின்னப் புண்ணாகத் தெரிவது உள்ளே எலும்புவரை போயிருந்தாலும் தெரியாது. கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும், பாதத்தின் நாடித் துடிப்பைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அடுத்த முன்பதிவு இரண்டு மாதம் கழித்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகக் காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ சென்று, "எனக்கு நீரிழிவு, காலில் ஐந்து வாரமாக ஆறாத புண்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பாதச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மருந்து எவ்வளவு முக்கியமோ, புண்ணின் மீது பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதும் அவ்வளவு முக்கியம். அதற்கென்று தனிக் காலணியும் மெத்தைப் பட்டைகளும் இருக்கின்றன.

புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழோ துர்நாற்றமோ வந்தாலோ, தோல் கறுத்தாலோ, சிவப்பு காலில் மேலேறினாலோ, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ நாளைவரைகூடப் பொறுக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இன்றிரவே நிறுத்த வேண்டியவை மஞ்சள் பற்றும் சுடுநீரும். அரைத்த மஞ்சள் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. திறந்த புண்ணில் அது ஒட்டிக்கொண்டு, அடியில் நடப்பதை மறைத்தும்விடும். சுடுநீர் அதைவிட ஆபத்தானது. எவ்வளவு சுடுகிறது என்று சொல்ல முடியாத காலைத்தான் அதில் வைக்கிறீர்கள். தோல் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. குழாய் நீரிலோ மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்க் கரைசலிலோ (சலைன்) மென்மையாகக் கழுவி, ஒற்றியெடுத்து, சுத்தமான கட்டுப் போட்டுக்கொண்டு செல்லுங்கள். மற்றதை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் பெயரில்லாத மாத்திரை

தீராத மூட்டு வலி இரண்டே நாளில் பறந்துபோகிறது, பசி கூடுகிறது, முகம் உப்புகிறது, சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறுகிறது, தொற்று மேல் தொற்று வருகிறது. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் எழும் சந்தேகம் ஸ்டீராய்டு. பாரம்பரிய மருந்து, மூலிகை மருந்து என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து, சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. உங்கள் மாத்திரையில் அது இருக்கிறது என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. இருந்தால், அது ஒரே நேரத்தில் சர்க்கரையையும் ஏற்றும், கிருமிகளை எதிர்க்கும் திறனையும் அடக்கும். நீங்கள் எதிர்ப்புச் சக்தியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அதைக் குறைக்கும் ஒன்றையே நாள்தோறும் விழுங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கும் நிலைக்குப் போகலாம். மாத்திரையை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார். கொடுத்தவர் மீது கோபமோ, மருத்துவர் திட்டுவாரோ என்ற பயமோ வேண்டாம். இதை ஒளிக்காமல் எழுதியதே உங்களுக்குப் பெரிய உதவி.

ஏன் உங்களை மட்டும் பிடிக்கிறது

உங்கள் உடல் பலவீனமான உடல் என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவர வேண்டியவை நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள். உங்களிடம் அவை போதுமான எண்ணிக்கையில் இருக்கின்றன. ஆனால் சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் அவை மெதுவாக நகர்கின்றன. கிருமியை விழுங்குவதும் கொல்வதும் மந்தமாகின்றன. கிருமிகளை அடையாளம் காட்டும் புரதங்கள்மீதும் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. சிறிய இரத்தக் குழாய்கள் கெட்டிருந்தால் அணுக்களும் மருந்தும் புண்வரை சரியாகப் போய்ச் சேர்வதில்லை. நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கிறது, கிருமிக்கு வாசல் திறக்கிறது. உங்கள் வேலையில் பாதமோ எந்நேரமும் ஈரத்தில் இருக்கிறது. சேற்றுப்புண்ணால் விரலிடுக்கில் வரும் வெடிப்பு இன்னொரு வாசல்.

இத்தனையும் நடக்கும்போது தொற்றும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது. நோயை எதிர்க்க உடல் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்பவை. சர்க்கரை ஏறியதால் தொற்று, தொற்றினால் இன்னும் சர்க்கரை என்று ஓராண்டாக இந்தச் சுழலில்தான் இருக்கிறீர்கள்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. தேய்ந்த நரம்பு முழுமையாகத் திரும்புவது கடினம். வெள்ளை அணுக்களின் மந்தமோ பெருமளவு திரும்பக்கூடியது. சர்க்கரை இறங்க இறங்க அவை சுறுசுறுப்படைகின்றன. எனவே எதிர்ப்புச் சக்திக்கு என்ன சாப்பிடலாம் என்ற கேள்விக்கு என் பதில், கஷாயமோ சத்துமாவோ இல்லை. உங்கள் 9.6-ஐ 7-க்கு அருகில் கொண்டுவருவதைப் போல எந்த டானிக்கும் உங்களுக்கு உதவாது.

அதற்கு இன்சுலின் தேவைப்படலாம். அண்ணனுக்கு நடந்ததை எண்ணி நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. நம் குடும்பங்களில் இந்தப் பயம் எத்தனை பேரைத் தடுத்திருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: பல ஆண்டுகள் சர்க்கரை உயர்ந்தே இருந்து, கால் கெட்டு, தொற்று முற்றி, வேறு வழியில்லாத கட்டத்தில் மருத்துவமனையில் இன்சுலின் தொடங்குகிறார்கள். அடுத்துக் காலும் போகிறது. இரண்டும் அருகருகே நடந்ததால் ஒன்று மற்றொன்றின் காரணம் போலத் தோன்றுகிறது. அண்ணனுக்கு இன்சுலின் தாமதமாக வந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். உங்களுக்கு அது சரியான நேரத்தில் வரட்டும். புண் ஆறும்வரை சில மாதங்கள் மட்டும் போட்டுக்கொண்டு பிறகு மாத்திரைக்குத் திரும்பியவர்களும் உண்டு. உங்களுக்கு அது சாத்தியமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

சிறுநீர்த் தொற்றும் அரிப்பும்

இவை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் புது மாத்திரையின் மீது பழி போட்டிருக்கிறீர்கள். பாதி சரி. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அந்தச் சர்க்கரையில் பூஞ்சை வளர்வதால் பிறப்புறுப்பில் அரிப்பு வரும். இது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. பூஞ்சைக் களிம்போ மாத்திரையோ கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருப்பதால்தான் மாதக்கணக்கில் நீள்கிறது. ஆண் மருத்துவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் பெண் மருத்துவரைக் கேட்கலாம். இந்த மாத்திரை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புத் தருவது. நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் சேர்ந்து வந்தால் மட்டும் அது அரிதான, ஆனால் ஆபத்தான தொற்றாக இருக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சிறுநீர்த் தொற்றுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கலாம். கடையிலிருந்து கழிவறை தூரம் என்பதால் தண்ணீர் குடிக்காமல், வந்தாலும் அடக்கிக்கொண்டு வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். நீரிழிவால் சிறுநீர்ப்பையின் நரம்பும் மங்கக்கூடும். அப்போது முழுதாகக் காலியாகாமல் சிறுநீர் தேங்கும். வருகிறதோ இல்லையோ, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்விடுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு வரும் வறட்சியும் ஒரு காரணம். அதற்குக் களிம்பு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

மிச்சம் மீதி ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். அது உங்கள் கிருமிக்கு ஏற்றதா என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாள் அரைகுறையாகச் சாப்பிட்டதில் கிருமி அடங்கியது போலக் காட்டிவிட்டு, அந்த மருந்துக்குக் கட்டுப்படாததாகத் திரும்பி வரலாம். உங்களுக்கு இரண்டாம் தொற்று வந்தது அதற்குப் பிறகுதானே? அடுத்த முறை மருந்தைத் தொடங்கும் முன்பே, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் வளர்ப்புப் பரிசோதனைக்குச் சிறுநீரைக் கொடுங்கள்.

காய்ச்சல் நாள்களில் மாத்திரை

சாப்பிடாததால் எல்லாவற்றையும் நிறுத்தினேன் என்கிறீர்கள். எல்லாவற்றையும் நிறுத்துவதும் தவறு, எல்லாவற்றையும் தொடர்வதும் தவறு.

வாந்தி, பேதி, எதுவும் இறங்காத நிலை என்றால் மெட்ஃபார்மினையும் எம்பாகிளிஃப்ளோசினையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். குறிப்பாக இரண்டாவதை. உடல் வறண்ட நிலையில் அது இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தை உண்டாக்கலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மாறாக, இன்சுலின் தொடங்கினால் அதைக் காய்ச்சலிலும் உங்களாக நிறுத்தக் கூடாது. அளவை மாற்றுவதை மருத்துவர் சொல்வார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் கஞ்சியும் குடியுங்கள். அடுத்தடுத்து லிட்டருக்கு 15 மில்லிமோலுக்கு மேல் காட்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ மனம் குழம்பினாலோ ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். உங்கள் மாத்திரைப் பட்டியலைக் காட்டி எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று மருத்துவர் கையாலேயே எழுதி வாங்கி, குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள்.

தடுப்பூசி

போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் சர்க்கரை சற்று ஏறக்கூடும் என்று உங்கள் கணவர் சொல்வதில் உண்மை உண்டு. சளிக்காய்ச்சல் முழுதாக வந்தால் ஏறுவதோடு ஒப்பிட அது ஒன்றுமே இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசியும், நிமோனியா போன்ற தொற்றுகளைத் தடுக்கும் நிமோகோக்கல் தடுப்பூசியும் இங்குள்ள தேசியத் தடுப்பூசி அட்டவணையிலேயே பரிந்துரைக்கப்பட்டுள்ளன. ஒரே மருந்தகத்தில் பதிந்துகொள்ளும் அரசுத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடியுரிமை உள்ளவர் என்றால், நீங்கள் பதிந்த மருந்தகத்தில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. கணவருக்கும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

தோட்டமும் நேர்த்திக்கடனும்

புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் வளர்ப்பதாகச் சொல்கிறீர்கள். புண் ஆறும்வரை மண்ணில் கால் வைக்காதீர்கள். மெலியோய்டோசிஸ் என்ற தொற்றை உண்டாக்கும் கிருமி சிங்கப்பூரின் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. கனமழைக்குப் பிறகு அதிகம் காணப்படும். அது தீவிரமாகப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் நீரிழிவு உள்ளவர்கள், வெட்டுக் காயம் அதன் வாசல்களில் ஒன்று. ஆறிய பிறகும் மூடிய காலணி, கையுறை இல்லாமல் செடிகளிடம் போக வேண்டாம்.

பால்குடம் பற்றி. வேண்டுதலைக் கைவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல், வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில், உணர்ச்சியில்லாத வெறுங்காலுடன் நீங்கள் நடக்கவே கூடாது. கால் ஆறிவிட்டாலும் கூடாது. ஒரு முறை புண் வந்த பாதத்தில் மறுபடி வரும் வாய்ப்பு மிக அதிகம். கொவிட் காலத்தில் 2021-லும் 2022-லும் ஊர்வலமே நடக்கவில்லை. பக்தர்கள் டேங்க் ரோடு கோயிலிலேயே பால்குடம் செலுத்தினார்கள், முருகன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கோயில் அலுவலகத்திலும் அர்ச்சகரிடமும் உங்கள் நிலையைச் சொல்லுங்கள். நடக்காமல் செலுத்த வழி கேளுங்கள். மகனோ மகளோ உங்களுக்காக நடக்க முன்வரலாம்.

அதற்கு அவர்களுக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று மறைக்கிறீர்கள். உங்கள் உள்ளங்காலை நீங்களே குனிந்து பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாள்தோறும் இரவில் இரண்டு பாதங்களையும், விரலிடுக்கு உட்பட, இன்னொருவர் கண்ணால் பார்க்க வேண்டும். மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள், நாளை அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

விடுப்பு எடுத்தால் வேலை என்னாகுமோ என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதத்துக்கு மேல் ஒரே முதலாளியிடம் வேலை செய்பவருக்கு, வேலை நியமனச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்த 14 நாளையும் சேர்த்து 60 நாள்வரை. மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, 48 மணி நேரத்துக்குள் கடைக்காரருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

நாளை கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், அந்தப் பெயரில்லாத மாத்திரையும், சர்க்கரை அளவு குறித்த புத்தகமும், வேலைக்கு அணியும் காலணியும். மருத்துவர் அந்தக் காலணியின் உட்புறத்தையும் பார்க்கட்டும்.